நான்கு சென்டிமீட்டர்

விழாவுக்கு எங்களிடம் இருந்தவை:
பிஸ்கட் டப்பாவில் ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ,
ஓலு துறைமுகத்தில் வாடகை குறைந்த பழைய மீன் கிடங்கு,
பிப்ரவரி.

எந்த வங்கியின் பெயரும் பதாகையில் இல்லை.
பதாகையே இல்லை.
வெளியூர்க் குழுக்களுக்கு எங்கள் வீட்டு சோபாக்கள்.
தாலினிலிருந்து வந்த ஆறரை அடி ஆளுக்காக
என் சோபாவின் முனையில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்தேன்.
நுழைவுச்சீட்டின் விலை: முடிந்தது.
ஒருவர் ஒரு பை உருளைக்கிழங்கு தந்தார்.
அதுதான் சனிக்கிழமை சூப்.

கிடங்கு வாசலில் மூன்று படிகள்.
"எல்லோரும் வரலாம்" என்று சுவரொட்டியில் எழுதிய கை என்னுடையது.
படிகளை எண்ணாத கண்ணும்.
முந்தின நாள் வென்லா
பனியில் தன் சக்கர நாற்காலியை நிறுத்தி
சுவரொட்டியைப் படித்தாள்,
படிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நல்ல கையெழுத்து" என்றாள்.

அன்று மாலையே இல்மாரி வீட்டுச் சவுனாவின் கதவு
கீல் கழன்று வந்து சாய்தளம் ஆனது.
கதவிருந்த இடத்தில் கம்பளியைத் தொங்கவிட்டு
ஒரு வாரம் சமாளித்தார்கள்.

எங்களுடையது எழுதாத நாடகம்.
எதிரில் நிற்பவர் எதை நீட்டினாலும்
"ஆமாம், அப்புறம்?" என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.
பன்னிரண்டு வருடமாக
இதையே வகுப்பெடுத்துத் தொண்டை தேய்ந்தவன் நான்.

வெள்ளி இரவு. வென்லா மேடையில்.
ஓர் இடம் சொல்லுங்கள் என்றோம்.
"மருத்துவமனை!" என்றது மூன்றாம் வரிசை.
அடுத்த காட்சி. ஓர் இடம்?
"மருத்துவமனை!" வேறு குரல்.
இரண்டு முறையும் அவள் நோயாளி.
இரண்டு முறையும் கேட்காமலே
பின்னாலிருந்து தள்ளினான் ஒரு பையன்.
மூன்றாவது முறை அவன் கை பிடியைத் தொடுமுன்
"இல்லை" என்றாள்.

வெளியே கடல் உறைந்து இரண்டு மாதம்.
உள்ளே அப்போதுதான்.
விளக்குப் பலகையில் என் விரல்,
அணைத்துவிடலாமா என்று.
அணைக்கவில்லை.
தைரியம் ஒன்றுமில்லை, எந்தப் பொத்தான் என்பது மறந்துவிட்டது.

அவள் தானே ஒரு சுற்றுச் சுற்றி நின்று
"இது பனியுடைக்கும் கப்பல்.
நான் மாலுமி இல்லை, கப்பல்.
எட்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள்" என்றாள்.
அந்தப் பையன், பாவம்,
நீட்டிய கையை மடக்கத் தெரியாமல்
அப்படியே பனிப்பாளமாகப் படுத்தான்.
அவள் நெருங்கியதும் இரண்டாக உடைந்தான்.
எப்படிச் செய்தான் என்று இன்றுவரை தெரியவில்லை.

பாளத்தின் ஒரு பாதியில்
கடல்நாயாக ஏறிக்கொண்டாள் கெர்த்து.
அவள் பேசுவது கைகளால்.
மொழிபெயர்க்க வந்த அனெலியின் சம்பளம்
டப்பாவில் பாதி.
"பாதியா" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்திருந்தார்கள்.
யாரோ என்பது நான்.
கடல்நாய் கப்பலைப் பார்த்து ஏதோ சொன்னது.
முன்வரிசையில் நான்கு பேர் வெடித்துச் சிரித்தார்கள்.
அனெலியின் குரல் வந்து சேர்ந்தபின்
மீதி நூறு பேரும்.
தாமதமாகச் சிரிப்பவர்களில் ஒருவனாக இருப்பது
எனக்கு அதுதான் முதல்முறை.

ஞாயிறு காலை விதியைத் திருத்தி எழுத உட்கார்ந்தோம்.
உருளைக்கிழங்கு தீர்ந்ததைப் பற்றியே பேசிக் கலைந்தோம்.

திங்கட்கிழமை, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வழியில்
துறைமுக ஓட்டல்காரர் சொன்னார்:
உங்கள் கப்பல் அம்மா
மூன்று நாளும் இங்கேதான் கழிப்பறைக்கு வந்தார்.
முந்நூறு மீட்டர். பனியில்.
திரும்பிப் போய் ஜாண் வைத்துப் பார்த்தேன்.
கிடங்கின் கழிப்பறைக் கதவு
நாற்காலியைவிட நான்கு சென்டிமீட்டர் குறுகல்.

டப்பாவில் மிச்சம் பதினொரு யூரோ.
அதில் ஓர் அளவு நாடா வாங்கினேன்.
அடுத்த பிப்ரவரிக்கு இடம் தேடிப் போகும்போது
முதலில் கழிப்பறையைக் காட்டுங்கள் என்கிறேன்.
மேடையைப் பார்க்க வேண்டாமா என்கிறார்கள்,
ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஆமாம், என்கிறேன்,
குனிந்து நாடாவை விரித்தபடி.
அப்புறம்.